மரியாதை தெரிந்த பூதம்

பொம்மசந்திராவில் பழனிச்சாமியைத் தெரியாத ஆள் ஒருத்தர் இருந்தால், அவர் நேற்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்க வேண்டும். ஏழாவதில் மூன்று பாடம் பெயிலானவர் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. போனது நாலு. அதை அவரே நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். பெருந்துறையிலிருந்து வந்து ஒரு லேத் பட்டறையில் இரும்புத் துருவலைக் கூட்டி அள்ளி மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், இன்றைக்கு அதே தெருவில் ஆறு மிஷின் ஓடும் சொந்தப் பட்டறைக்கு முதலாளி. இன்ஜினியரிங் படித்த எட்டுப் பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். எட்டுப் பேரும் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைப்பார்கள், இவர் வெர்னியர் அளவுகோல் வைத்திருப்பார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஜாங்கிரியை அளந்து பார்த்து, பக்கத்து இலை ஜாங்கிரி மூன்று மில்லி கூடுதல் என்று நிரூபித்தவர்.

இப்படிப்பட்டவருக்கும் ஒரு இடத்தில் வாய் அடைக்கும். அது மாப்பிள்ளை யுவன் இருக்கும் இடம். மாப்பிள்ளை தங்கமானவர். பெரிய சாப்ட்வேர் கம்பெனி, குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளைக் காணோம். எங்கே போகிறீர்கள் என்று மாப்பிள்ளையைக் கேட்க முடியுமா? நாலு வருஷமாக "சாப்டீங்ளா மாப்ள" என்பதற்கு மேல் பழனிச்சாமி ஒரு கேள்வி கேட்டதில்லை. "சாப்டனுங் மாமா" என்பதற்கு மேல் அவரும் ஒரு பதில் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் மாப்பிள்ளைக்கு ஞாயிறும் டியூட்டி என்று சொல்லிச் சமாளித்து வந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மகள் இளவேனில் போன் செய்தாள்.

"அப்பா, ஒரு ஒத்தாசை பண்ணோணும். இவரு ஞாயித்துக்கெழமையானா ஓடறாரே, அந்த வெளையாட்டை இன்னிக்கு ஒரு வருசாந்தர விழாவுல நடத்தறாருங்ப்பா. நாலு பேரு கட்டாயம் வேணும். ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து நின்னுட்டாரு. நீங்க போய் உக்காந்தாப் போதும்."

"கிரிக்கெட்டா கண்ணு?"

"இல்லீங்ப்பா. ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு, மேசையைச் சுத்தி உக்காந்து, வாயிலயே கதைய நடத்திட்டுப் போறது. ஆபத்து வந்தா பகடை உருட்டுவாங்க. இவரு கதை சொல்லி. ஒரே உக்கார்ல முடிஞ்சிரும்."

"வாயில வெளையாடறதா? அதுல என்னை மிஞ்ச ஆளில்லை, வரேன்."

இளவேனில் சிரிக்கவில்லை. "போன ரெண்டு வருசமும் இவரு கதை நேரத்துக்குள்ள முடியலை. இந்தத் தடவையும் ஒரு மணிக்குள்ள முடியலைன்னா இனி இவருக்கு மேசையே குடுக்க மாட்டாங்களாம். மூணு மாசமா இதையே எழுதிட்டிருக்காரு. நீங்க குறுக்க பேசாம இருந்தீங்கன்னா முடிஞ்சிரும்ப்பா."

கடைசி வாக்கியம் பழனிச்சாமியின் காதில் விழவில்லை. அந்த மாதிரி வாக்கியங்கள் அவர் காதில் விழுவதில்லை.

இந்திரா நகர்ப் பக்கம் ஒரு ஓட்டலின் பெரிய ஹால். உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றார். முப்பது மேசை இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் மீசை வைத்த ஆம்பிளைகளும் படித்த பெண்பிள்ளைகளும் வாயால் வாள் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் தலையில் கொம்பு. ஒருத்தி முதுகில் போர்வை. வாரம் முழுக்க நூறு பேரை வேலை வாங்குகிற மேனேஜர் ஒருவர் இங்கே டிக்கெட் வாங்கி வந்து, குள்ளனாக இருந்து, கற்பனைச் சுரங்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இத்தனை உழைப்பு வீணாகப் போகிறதே என்று பழனிச்சாமிக்கு வயிறு எரிந்தது.

"வாங் மாமா" என்று யுவன் எழுந்தே நின்றுவிட்டார். நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேசையில் ஏற்கெனவே மூன்று பேர். சிந்து, திருச்சிக்காரப் பெண், யுவனோடு வேலை பார்ப்பவள். உமேஷ், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், பாதி தமிழ் பாதி கன்னடம், யாரைக் கூப்பிட்டாலும் 'குரு'. டென்சில், மர்பி டவுன்காரர், ஐம்பது வயது, பதினைந்து வருஷமாக இந்த ஆட்டம் ஆடுபவர்.

ஆளுக்கொரு வேஷச் சீட்டு. முன்னால் வந்தவர்கள் நல்லதை எடுத்துவிட்டார்கள். சிந்து இளவரசி, உமேஷ் மந்திரவாதி, டென்சில் திருடன். கடைசியாக இருந்தது ஒன்றுதான். 'சடையன். மூட்டை தூக்குபவன். உடல் வலு பதினெட்டு. அறிவு ஐந்து.'

பழனிச்சாமி அதை இரண்டு தடவை படித்தார்.

"மாப்ள, நான் மூட்டையை இறக்கி வெச்சு முப்பது வருசம் ஆச்சுங்க."

"அதுதானுங் மாமா மிச்சம் இருக்குது" என்றார் யுவன். அவர் காது சிவந்துவிட்டது.

"பரவால்லீங்க" என்று பேனாவை வாங்கிச் சடையனை அடித்துவிட்டு, 'பழனிச்சாமி, புரோப்ரைட்டர்' என்று எழுதினார். அறிவு ஐந்து என்பதில் ஐந்துக்கு முன்னால் ஒரு ஒன்பதையும் போட்டார்.

கதை தொடங்கியது. மலைக்கோட்டையில் கொள்ளை நோய். நாலு பேரும் மருந்து மூட்டையோடு பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு சத்திரம், கதவு சாத்தியிருக்கிறது. சாத்தியிருக்கிறது என்று யுவன் சொன்னதுதான் தாமதம், சிந்து ஒரு காகிதத்தை எடுத்து மூன்று கட்டம் போட்டாள். கதவை உடைக்கலாம், ஜன்னல் வழியாகப் போகலாம், மந்திரம் போடலாம். ஒவ்வொன்றிலும் என்ன ரிஸ்க் என்று எழுத வேண்டுமென்றான் உமேஷ். பத்து நிமிஷம் ஓடியது.

"தட்டிப் பாத்தீங்ளா?" என்றார் பழனிச்சாமி.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"கதவைத் தட்டுனா தொறப்பாங்க. எங்கூர்ல அப்படித்தான்."

சத்திரக்காரன் திறந்தான். உமேஷ் மெதுவாகச் சொன்னான், "குரு, இவரு சும்மா இல்லை." பழனிச்சாமிக்குக் கால் தரையில் இல்லை. அங்கேதான் வினை தொடங்கியது.

சத்திரத்துக்குள் பாம்பு. பகடை உருட்ட வேண்டும். டென்சில் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து தன்னுடைய இருபது முகப் பகடையைக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, பித்தளை. பழனிச்சாமி அதை வாங்கி உருட்டவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து வெர்னியர் வெளியே வந்தது.

"இது எங்க அடிச்ச பீசுங்க?"

"ஜெர்மனி மேன்."

"எங்க அடிச்சிருந்தாலும் ரிஜெக்டு. எதிர் முகத்துக்கு எதிர் முகம் ஒரே அளவு இருக்கோணும். இது பாயின்ட் மூணு மில்லி அவுட்டு. ஒரு பக்கமாத்தான் விழும்."

டென்சிலின் முகம் பித்தளை மாதிரியே ஆயிற்று. "பதினஞ்சு வருசமா இதுல ஆடறேன் மேன்."

"பதினஞ்சு வருசமாத் தப்பா ஆடியிருக்கீங்க."

ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அதோடு வந்த லாட் முழுக்கச் சோதிக்க வேண்டும் என்பது பட்டறை விதி. மேசையில் இருந்த அத்தனை பகடையையும் வாரி அளந்தார். பாஸ் இந்தப் பக்கம், ரிஜெக்ட் அந்தப் பக்கம். பக்கத்து மேசைக் கொம்புக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பகடையை நீட்டினான். பிறகு போர்வைக்காரி. அரைமணி நேரத்தில் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். பாஸ் ஆனது, வாசலில் சும்மா கொடுத்த பிளாஸ்டிக் பகடை ஒன்றே ஒன்று. தன் அதிர்ஷ்டம் என்று இத்தனை நாள் நம்பியதெல்லாம் கோணல் பிளாஸ்டிக் என்று தெரிந்து ஒரு பையன் சுவரைப் பார்த்து நின்றான்.

ஏற்பாட்டாளர் சங்கமித்ரா கழுத்து அட்டையோடு வந்தாள். "யுவன், இப்ப மணி பன்னெண்டே கால். உங்க மேசை எங்க இருக்கு?"

"சத்திரத்துல" என்றார் யுவன்.

"போன வருசமும் சத்திரத்துலதான் இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யுவனுக்கு நெற்றியில் வியர்வை. பாம்பை அவரே செத்துப்போக வைத்தார். காட்டை இரண்டு வரியில் தாண்டினார். நேரே பள்ளத்தாக்கு, சங்கிலிப் பாலம். பாலத்தின் நடுவே பூதம்.

பூதம் இளவரசியைப் பார்த்து, "அடியே, திரும்பி ஓடு" என்று கர்ஜித்தது. மந்திரவாதியைப் பிடித்துப் பாறையில் அடித்தது. திருடனை எட்டி உதைத்தது. பிறகு பழனிச்சாமியின் பக்கம் திரும்பியது.

"வாங்க" என்றது பூதம். "வெயில்ல வந்திருக்கீங்க. செத்த உக்காருங்க."

பழனிச்சாமிக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உலகம் அவரிடம் அப்படித்தான் பேச வேண்டும். "உங்களுக்கு எத்தனை மணி நேரம் டியூட்டிங்க?" என்று பூதத்தை விசாரித்தார்.

"ராத்திரி பகல் பூராவுமுங்க."

"மாத்து ஆளு இல்லீங்ளா? அப்புறம் எப்படி வேலை சுத்தமா இருக்கும்? எங்கிட்ட வந்துருங்க. எட்டு மணி நேரம், ஷிப்டு, தீவாளிக்குப் புதுத்துணி."

"ஆகட்டுமுங்க" என்றது பூதம்.

நடுவில் உமேஷ் ஒரு மந்திரம் போட்டான். பூதம் அவனை மட்டும் மறுபடி பாறையில் அடித்துவிட்டு, பழனிச்சாமியிடம் திரும்பி வந்து பணிவாக நின்றது. "குரு, நான் என்ன பாவம் பண்ணேன்" என்றான் உமேஷ். பழனிச்சாமி பூதத்துக்கு ஜாப் ஒர்க் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தார். மணி பன்னெண்டு முப்பத்தைந்து. சிந்து போனை எடுத்துவிட்டாள்.

டென்சில் மெல்லக் குனிந்தார். ரிஜெக்ட் ஆன பித்தளை அவர் பையில் கனத்துக்கொண்டிருந்தது.

"சார், ஒண்ணு சொல்லட்டா? இந்தப் பூதம் உங்களை அடிச்சாத்தான் கதை முடியும். யாராவது பாலத்துச் சங்கிலியைப் பிடிக்கணும், அவன் அடி வாங்கணும், மத்தவங்க தாண்டணும். உங்க சீட்டுலதான் வலு பதினெட்டு. ஆனா பூதம் உங்களைத் தொடாது. ஏன் சொல்லுங்க."

"ஏன்?"

"நீங்க பொண்ணு குடுத்தவரு."

யுவன் குனிந்து தன் காகிதங்களை அடுக்கினார், அடுக்கி முடித்ததையே மறுபடி அடுக்கினார்.

பழனிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம். யாரும் அவருக்கு விட்டுக்கொடுத்து ஒரு பீஸைப் பாஸ் செய்ததில்லை. செய்திருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டார். ஒரு பெரிய கம்பெனி இன்ஸ்பெக்டர், வயசான மனுஷன் என்று இரக்கப்பட்டுக் கண்ணை மூடப் பார்த்தபோது, அந்த லாட்டையே திருப்பி எடுத்துவந்து மறுபடி கடைந்தவர் அவர். இப்போது ஒரு பூதம், அதுவும் வாயால் செய்த பூதம், அவருக்குச் சலுகை காட்டியிருக்கிறது. இருபது நிமிஷம் அவரும் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருக்கிறார். அதுதான் சுட்டது.

"மாப்ள" என்றார்.

"சொல்லுங் மாமா."

"பூதத்தைக் கூப்பிடுங்க. அது எனக்கு மரியாதை குடுக்க வேண்டாம். உமேசு தம்பிகிட்ட எப்படிப் பேசுச்சோ அப்படிப் பேசச் சொல்லுங்க."

"மாமா, அதெல்லாம்…"

"இளவேனிக்கு நான் சொல்லிக்கறேன்."

யுவன் தண்ணீர் குடித்தார். கண்ணை மூடினார். மூன்று மாசம் எழுதிய பூதம் அவர் தொண்டையில் எங்கேயோ இருந்தது. அது வெளியே வந்தபோது பக்கத்து இரண்டு மேசைகள் பேச்சை நிறுத்தின.

"டேய் மூட்டைக்காரா."

பழனிச்சாமியின் காது சூடானது. அவரை அப்படிக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் செத்துப்போய் நெடுநாள் ஆகிறது.

"எனக்கே வேலை குடுக்கறயா? ஒரு மூட்டையைத் தூக்கிட்டு முதலாளிங்கிறயா? வாடா, சங்கிலியைத் தொடு பாக்கலாம்."

நாலு வருஷமாக 'சாப்டனுங் மாமா' என்று மட்டும் சொன்ன வாயா இது என்று பழனிச்சாமிக்கு ஆச்சரியமாக இருந்தது. சுத்தமான வேலை. ஒரு பிசிறு இல்லை.

"தொட்டேன்" என்றார். "ரெண்டு கையாலயும் புடிச்சுட்டேன். பொண்ணு, தம்பி, டென்சிலு, மருந்து மூட்டையை எடுத்துட்டு ஓடுங்க. எங்கிட்ட யாரும் ரிஸ்க்கு எழுதக் கூடாது."

பதினொன்றுக்கு மேல் விழுந்தால் உயிர் தப்பலாம். பாஸ் ஆன அந்த ஒரே பகடையை உருட்டினார். நாலு. யுவன் அதைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் தப்பிக்க வைக்கலாம் என்று அவர் வாய் அசைவதைப் பழனிச்சாமி கண்டுகொண்டார்.

"நாலு, மாப்ள. நான் ஏழாவதுல கோட்டை விட்ட பாடமும் நாலு. சத்தமாச் சொல்லுங்க."

"நாலு" என்றார் யுவன். "பூதம் அவனை அடித்தது. மூட்டைக்காரன் செத்தான். சங்கிலியை விடாமலே செத்தான்."

மணி பன்னெண்டு ஐம்பது. மற்ற மூவரும் பாலத்தைத் தாண்டிக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாசற்கதவு சாத்தியிருந்தது. சிந்து காகிதத்தை எடுத்தாள்.

"தட்டு" என்றார் பழனிச்சாமி.

"செத்தவங்க பேசக் கூடாது அங்கிள்" என்றாள் சிந்து.

அது விதி. பழனிச்சாமி வாயை மூடினார். ஒன்பது நிமிஷம் மூடியிருந்தார். சிந்து இரண்டு கட்டம் போட்டாள், மூன்றாவதைப் போடப் போனவள் நிறுத்திவிட்டுத் தட்டினாள். கோட்டை திறந்தது. மருந்து போய்ச் சேர்ந்தது. மணி அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது.

சங்கமித்ரா வந்து தன் பட்டியலில் டிக் அடித்தாள். "முடிஞ்சிருச்சா? நிஜமாவா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு நாலு பேருக்கும் ஒரு சீட்டைக் கொடுத்தாள். கதை நடத்தியவரைப் பற்றி எழுத வேண்டுமாம். அடுத்த வருஷம் மேசை கொடுக்கலாமா, என்ன குறை என்று.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பழனிச்சாமி ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். யுவன் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

'மேசை கொடுக்கலாம். கதை நல்ல பினிஷிங். பூதத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடியே கோபம் வந்திருக்கலாம்.'

சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"மாமா, சாப்பிடலாமுங்ளா?" என்றார் யுவன்.

"போலாமுங்க மாப்ள" என்றார் பழனிச்சாமி. இரண்டு எட்டு நடந்தவர் நின்றார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக வேறு ஒரு கேள்வி கேட்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. எத்தனை மணிக்கு வரோணுமுங்க?"