எண்பத்திமூன்றாம் நாள்

படகு ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. இன்ஜினை முடுக்கிவிட்டால் யாரும் அவனோடு பேச முடியாது.

முட்டுக்காட்டுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, உப்பங்கழி ஓரத்தில் இருக்கிற ஒரு ரிசார்ட்டில் பதினோரு வருடமாக எட்டுப் பேர் உட்காரும் மோட்டார் படகை ஓட்டிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்களை ஏற்றி மணல்திட்டு வரை போய்த் திரும்பினால் இருபது நிமிஷம். தண்ணீர் எவ்வளவு ஆழம், முதலை இருக்கிறதா, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று எதையாவது கேட்பார்கள். நான் காதைக் காட்டி, இன்ஜினைக் காட்டி, சிரித்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு பக்கம். அதற்கும் முன்பிருந்தே வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். இந்தக் கடற்கரை முழுவதும் தேடினாலும் எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது.

கொரோனா இரண்டாவது வருஷம், சித்திரை பிறப்பதற்கு முன்னால், நாற்பத்தைந்து தாண்டியவர்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஒரு சின்னச் சீட்டில் அடுத்த தேதியை நர்ஸம்மா எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து வருகிற தேதி. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. ரிசார்ட்டை மூடினார்கள். படகைக் கரையில் இழுத்துப்போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு வந்தேன்.

சீட்டில் எழுதிய தேதி வந்ததும் சைக்கிளில் கிளம்பினேன். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ். பேச வேண்டியிருக்கவில்லை, சீட்டை நீட்டினால் விட்டார்கள். சுகாதார நிலையத்தில்தான் விடவில்லை.

"மாத்திட்டாங்கண்ணா. எண்பத்திநாலு நாள் கழிச்சு வாங்க," என்றார் நர்ஸம்மா. பழைய தேதியை அடித்துவிட்டு, பக்கத்தில் 84 என்று எழுதினார். தேதி எழுதவில்லை. எந்த நாளிலிருந்து எண்பத்திநாலு என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஊரில் ஆளுக்கு ஒரு கணக்கு. தள்ளிப் போட்டால் மருந்துக்குச் சக்தி கூடும் என்று ஒருவர் சொன்னார். தள்ளினால் முதல் ஊசி வீணாகிவிடும் என்றார் இன்னொருவர். நடுவில் காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் போகக் கூடாதாம். எங்கள் தெருவில் அந்த மே மாதம் காய்ச்சல் வராதவர்கள் யாரும் இல்லை. அது எந்தக் காய்ச்சல் என்று பார்த்தவர்களும் யாரும் இல்லை. என் மனைவியின் தம்பி ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு அடுக்குமாடி ஆட்கள் சொல்கிற செய்தியெல்லாம் சுடச்சுடக் கிடைக்கும்.

"வெளிநாட்ல மூணே வாரத்துல போடறானாம் மாமா," என்பான் திங்கட்கிழமை. "ஆறு மாசம் கழிச்சுப் போட்டாதான் நல்லதாம் மாமா," என்பான் புதன்கிழமை.

அவன் இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்வான். இரண்டுக்கும் நான் தலையாட்டுவேன்.

ஆடி நெருங்கும்போது ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். டீக்கடை, பஸ், அப்புறம் கோயில். ஒரு நாள் சூப்பர்வைசர் மச்சானின் போனில் கூப்பிட்டார். என்னிடம் போன் இல்லை; ஊசிக்கும் அவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை திறக்கறோம். ஓனர் வர்றாரு. ரெண்டு ஊசி போட்ட சர்டிபிகேட் இருந்தாதான் போட்ல ஏறலாம். இல்லாதவன் கேட்ல நிக்கணும்."

கேட்டில் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ல வேண்டும். நெற்றியில் கருவியை நீட்டிச் சூடு பார்க்க வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், முகக்கவசத்தைப் போடுங்கள் என்று நாள் முழுக்கப் பேச வேண்டும். அங்கே இன்ஜின் கிடையாது.

நாள் எண்ணுவது எனக்குப் புதிதில்லை. எங்கள் தெருவில் யாராவது இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் என்றைக்கு வருகிறது என்று என்னைத்தான் கேட்பார்கள். கழியில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமி வேண்டியிருக்கிறது என்று நான் எப்போதும் காலண்டர் வைத்திருப்பவன். அந்த வருஷம் நிறைய எண்ணினேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. விரலை மடக்கி நாளைச் சொன்னால் போதும், யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். நான் பேசி மதிப்புக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அதனால் காலண்டரை எடுத்துத் தாள்களைப் புரட்டி எண்ணினேன். இரண்டு தடவை. எண்பத்திநாலாம் நாள் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை ரிசார்ட் திறக்கிறது. ஒரு நாள் முன்னால் முடிந்துவிடும். யாரோ எனக்காகவே கணக்குப் போட்டு வைத்தது மாதிரி இருந்தது.

என் மனைவி அரிசி களைந்துகொண்டே கேட்டாள்: "ஏன்யா, வெள்ளிக்கிழமைதானே போட்டுக்கினு வந்த? பன்னெண்டு வாரம்னா திரும்ப வெள்ளிக்கிழமைதானே வரும்? வியாழக்கிழமை எங்கேர்ந்து வந்துச்சு?"

"மொத நாளையும் சேர்க்கணும்," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அப்படித்தான் சேர்க்கணும்."

அவள் ஒன்பதாவது வரை படித்தவள். ஆனால் காரியத்துக்கு நாள் எண்ணுகிறவள் இல்லையே.

விஷயம் தெருவில் பரவியது. அதே வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் சீட்டோடு வந்து என்னைக் கேட்டார்கள். வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை காலையில் மச்சானின் ஆட்டோவில் பின்னால் நாலு பேரும், டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவருமாக ஏறினோம். நோய்க்குத் தப்பப் போகிறவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போனோம்.

டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நர்ஸம்மா கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார். திரும்பத் தட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு எண்பத்திமூணுதான்ணா ஆவுது. நாளைக்கு வாங்க."

நான் விரலை மடக்கத் தொடங்கினேன்.

"போட்ட நாளைச் சேர்த்து எண்ணிட்டீங்களா? அதுக்கு மறுநாள்லேர்ந்துதான் ஒண்ணு," என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற கொத்தனார் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சத்தமாகப் பேசுகிற மனிதர். அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

"அண்ணாத்த! சாவுக்கு எண்ற கணக்கையா ஊசிக்குப் போட்ட? நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. ஊசி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார வைக்கப்பட்டவர்கள்கூடத் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மூன்று மாதத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

"ஒரு நாள்தானே மேடம், போட்டு வுட்டுடுங்க," என்றான் மச்சான்.

"நான் போட்டுடுவேன் தம்பி. ஒரு நாள் முன்னால போட்டா மருந்து ஒண்ணும் கோச்சிக்காது. இது கோச்சிக்கும்," என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். "சர்டிபிகேட் தராது."

திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் என் மடியில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி காலண்டரில் வெள்ளிக்கிழமைத் தாளைத் தேடி, அதன் ஓரத்தை மட்டும் மடித்துவைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ரிசார்ட்டில் இருக்க வேண்டும். ஊசி போட ஆரம்பிப்பது ஒன்பது மணிக்கு. ஊசி இல்லாமல் போனால் படகில் ஏற விட மாட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டு போனால் ஓனர் வருகிற நேரத்துக்கு நான் இருக்க மாட்டேன். விடிய விடிய யோசித்துவிட்டுக் கடைசியில் ஊசிதான் முதலில் என்று முடிவு செய்தேன். கையில் காகிதம் இருந்தால் வாயால் பேச வேண்டியதில்லை அல்லவா?

முதல் டோக்கன் எனக்குத்தான். பதினோரு மணிக்கு மச்சானின் போனில் சர்டிபிகேட் வந்தது. ஒரு கடையில் அச்செடுத்ததும், மச்சான் கோவளம் வழியாக ஆட்டோவைப் பறக்கவிட்டான். படகுத்துறையில் இறங்கிப் பார்த்தால், என் படகு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் எங்கள் ரிசார்ட்டின் பிளம்பர்.

சூப்பர்வைசரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"இன்னிக்குத்தான் போட்டிருக்கியா? ரெண்டாவது போட்டு பதினாலு நாள் ஆவணும்பா. அப்பதான் போட்."

நான் தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டினேன்.

"அவனா? அவன் ஒரு ஊசியும் போடல."

நான் காட்டிய கையை இறக்கவில்லை.

"இன்னா பாக்கற? ரூலு போட் டிரைவருக்கு. அவன் பிளம்பர். லிஸ்ட்ல பிளம்பர் இல்ல. ஓனர் வர்ற நேரத்துல போட் தண்ணில இருக்க வேணாமா? நீ போய் கேட்ல நில்லு."

கேட்டில் நின்றேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கை கழுவும் மருந்து, சூடு பார்க்கும் கருவி. வருகிறவர்களின் போனை வாங்கி ஊசி தேதியைப் பார்த்து, அவர்களை நோட்டில் எழுத வைக்க வேண்டும். முதல் நாள் கருவியை நீட்டினேன், நோட்டை நீட்டினேன். ஒரு அம்மா நான் ஊமை என்று நினைத்துக்கொண்டு கையால் ஜாடை காட்டிப் பேசினார். நானும் ஜாடையிலேயே பதில் சொன்னேன். அது நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது நாள்தான் ஒருவர் கெடுத்தார். கூடுவாஞ்சேரியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். என் மேசையையும் நோட்டையும் பார்த்துவிட்டு, நான் ஏதோ சுகாதாரத்துறை ஆள் என்று முடிவு செய்துவிட்டார்.

"சார், எனக்கு எண்பத்திநாலாவது நாள் எப்ப வருது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

என்னை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அதனாலா, அந்தக் கேள்விக்காகவா தெரியவில்லை, வாய் தானாகத் திறந்தது.

"போட்ட நாளைச் சேர்க்காதீங்க. என்ன கிழமை போட்டீங்களோ அதே கிழமை வரும். வேற கிழமை வந்தா எண்ணுனது தப்பு."

அவர் போனில் பார்த்துவிட்டு, "அட, ஆமா," என்றார். பின்னால் நின்றவர்கள் தங்கள் போன்களை எடுத்தார்கள். அன்று மாலைக்குள் ஒரு இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். அடுத்த நாள் இன்னும் கூட்டம். காய்ச்சல் வந்து எத்தனை நாள் கழித்துப் போடலாம் என்று கேட்டவர்களை மட்டும் டாக்டரிடம் போகச் சொன்னேன். மற்றபடி கிழமையைச் சொல்லி, தேதியைச் சொல்லி அனுப்பினேன். சிலர் அதைக் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதாமல் உள்ளே போய்விட்டார்கள். அதையும் நான் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தேன்.

என் பதினாலு நாள் முடிந்து, பதினைந்தாம் நாள் காலையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். இந்தத் தடவை எண்ணியது என் மனைவி.

அவர் காகிதத்தை வாங்கவில்லை. "அதெல்லாம் இப்ப கேக்கறதில்லப்பா. லிஸ்ட்டையே எடுத்தாச்சு. பிளம்பரே ஓட்டிக்கினு கீறான் இல்ல, ஓட்டட்டும். நீ கேட்லயே இரு. வர்ற கஸ்டமருங்க எல்லாம் உன்னைப் பத்தித்தான் சொல்றாங்க. எவ்வளோ பொறுமையா பேசறாருன்னு."

பதினோரு வருஷத்தில் அந்த மனிதர் முன்னால் நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினேன். அந்தப் படகு இடது பக்கம் சாயும், அது எனக்குத்தான் தெரியும் என்றேன். மணல்திட்டு மழைக்கு ஒரு இடம், வெயிலுக்கு ஒரு இடம் மாறும், பிளம்பர் ஒரு நாள் எட்டுப் பேரோடு தட்டி நிற்பான் என்றேன். ஊசி போடுங்கள் என்றீர்கள், போட்டேன். இரண்டு என்றீர்கள், போட்டேன். பதினாலு நாள் நில்லுங்கள் என்றீர்கள், நின்றேன். எனக்கு என் படகு வேண்டும் என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் முழுவதையும் கேட்டார். முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"பாத்தியா? இதைத்தான் நானும் சொல்றேன். இவ்வளோ நல்லா பேசற ஆளை வச்சுக்கினு, அந்தப் பிளம்பரையா கேட்ல நிக்க வைக்க முடியும்?"