இடது தோள் முடிச்சு

பினாங்கில் ஒருவர் ஆணா பெண்ணா என்பதைத் துணியில் போட்டிருக்கும் அச்சுதான் தீர்மானிக்கிறது. கட்டம் போட்ட சாரோங் கட்டினால் ஆண். பூப்போட்டதைக் கட்டினால் பெண். இரண்டும் ஒரே அளவு, ஒரே தையல், இடுப்பில் ஒரே சுருட்டு. வந்த புதிதில் இது எனக்கு விளங்க ஒரு வாரம் ஆனது. விளங்கிய மறுநாளே சந்தைக்குப் போய்ப் பூப்போட்டதில் கை வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன். கடைக்கார மலாய்ப் பெண் யாருக்கு என்று கேட்டாள். எனக்கு அப்போது தெரிந்த மலாய்ச் சொற்கள் நாலைந்துதான். அதில் ஒன்று 'எமாக்', அம்மா. அதைச் சொல்லிவைத்தேன். அவள் உடனே என் கையிலிருந்த சிவப்பை வாங்கி மடித்துவிட்டு, கருவாட்டு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, நல்ல பிள்ளை என்பதுபோலத் தலையாட்டினாள். கடல் தாண்டி வந்தாலும் தாய்க்கு ஒதுக்கிய நிறம் அழுக்கு நிறம்தான்.

நான் பெண்ணுடை கட்டுகிற ஆண். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே தாளை மடித்து வைத்துவிடலாம், எனக்கு நட்டமில்லை. மடிக்காதவர்கள் என்ன கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இவனைத் தாய் எப்படி வளர்த்தாள் என்று கேட்பீர்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்திருப்பாள், பெண் குழந்தை இல்லாத குறைக்குச் சடை பின்னிப் பூ வைத்திருப்பாள் என்று பதிலையும் நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். என் அம்மா பொன்னாயி கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரி. அப்பன் செத்த பிறகு ஒற்றை ஆளாகச் சாமையும் மரவள்ளியும் போட்டு என்னை வளர்த்தவள். அவள் தலையைச் சீவவே அவளுக்கு நேரமில்லை. இதில் எனக்குச் சடை பின்னினாளாம்.

எங்கள் மலைப் பெண்கள் அன்று ரவிக்கை போடுவதில்லை. சேலையை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து தோள்மேல் முடிச்சுப் போட்டு, கெண்டைக்கால் தெரியக் கட்டுவார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள், அம்மா விறகுக்குப் போன நேரத்தில் அவளுடைய மாற்றுச் சேலையை எடுத்து அதேபோலக் கட்டிக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். பிடித்திருந்தது, கட்டினேன். அவள் விறகுச் சுமையோடு வந்துவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சுமை தரையில் விழுகிற சத்தம்தான் கேட்டது.

"முடிச்ச எந்தத் தோள்ல போட்டிருக்கற?"

"வலது தோள்லம்மா."

"அருவா புடிக்கற கையி அது. அதும்மேல முடிச்சு உக்காந்தா எப்படிக் கண்ணு வீசி அறுப்ப? கட்டறதுன்னா ஒழுங்காக் கட்டு."

அவிழ்த்து இடது தோளில் மாற்றிப் போட்டாள். அதற்குப் பிறகு திருஷ்டி கழித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். "கட்டிக்கிட்டுச் சும்மா நிக்காத. காட்டுல களை கெடக்குது, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அன்று முதல் வீட்டிலும் காட்டிலும் எனக்குத் தடையில்லை. பெண் என்றால் என்ன என்று நான் படித்ததெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்துதான். ஏற்றத்தில் மூட்டையோடு போகும்போது எந்தக் காலை ஊன்ற வேண்டும், இடுப்பு நோகாமல் எப்படிக் குனிய வேண்டும் என்பதெல்லாம் அதில் சேர்த்தி. ஒருமுறை, நீ ஏன் என்னை வையவில்லை என்று கேட்டேன். "நாளெல்லாம் நான் கட்டறதுதான? நான் கட்டுனாக் கேவலமில்ல, நீ கட்டுனாக் கேவலமா?" என்று திருப்பிக் கேட்டாள். இதுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

என் பதினேழாவது வயதில், சாமை அறுப்பின்போது, மலையிலேயே இருக்கும் எடப்புளி நாட்டிலிருந்து என் தாய்மாமன் வந்தான். மேட்டிலிருந்து, சேலை கட்டிக் குனிந்திருந்த என் முதுகைப் பார்த்து, "அக்கோவ், குடிக்கத் தண்ணி இருக்குதா?" என்று கூப்பிட்டான். திரும்பினேன். அவன் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதற்குள் வயலின் மறுகோடியிலிருந்து அவனுடைய நிஜ அக்கா வந்துவிட்டாள்.

"அப்பன் இல்லாத ஊடுன்னா இப்படித்தான். பையனப் பொட்டச்சியாக்கி வெச்சிருக்கற."

"உன்னப் பெத்தவ யாரு, ஆம்பளையா?"

"எம்புள்ளைய இவனுக்குக் குடுக்க மாட்டேன், பாத்துக்க."

"குடுக்காத. அறுப்புக்கு வந்தவன் அருவாளயா கேட்ட, தண்ணிதான கேட்ட."

நான் சேலை கட்டியதைக்கூட அவன் பொறுத்திருப்பான். கூடப் பிறந்தவளுக்கும் எனக்கும் அவனால் வித்தியாசம் காண முடியவில்லை, அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஊர் ஊராகச் சொல்லிவிட்டான். மலையில் அறுப்புக்குக் கூலியாள் கிடையாது. உன் காட்டுக்கு நான், என் காட்டுக்கு நீ, அவ்வளவுதான் ஏற்பாடு. அடுத்த அறுப்புக்கு எங்கள் காட்டுக்கு ஒருவரும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர் அறுத்தது பாதி, மழையில் போனது பாதி. நான் மலையில் இருக்கும்வரை அம்மாவுக்கு ஆள் வராது என்று புரிந்தது. கப்பலுக்குப் பேர் கொடுத்தேன். காரவள்ளி இறக்கம் வரைக்கும் அம்மா என் துணி மூட்டையைத் தலையில் சுமந்து வந்தாள். மூட்டை கட்டியிருந்தது அவளுடைய அந்த மாற்றுச் சேலையில். மாமனும் கூட வந்திருந்தான், நான் நிஜமாகவே போகிறேனா என்று பார்க்க. "மூட்டை கட்ட வேற துணி இல்ல" என்று அவன் காதில் விழச் சொன்னாள். மூட்டையைக் கொடுக்கும்போது என் இடது தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.

இங்கே எனக்கு மிளகுக் கிடங்கில் மூட்டை சுமக்கிற வேலை. தமிழர்கள் சேர்ந்து நாடகம் போட்டார்கள். பெண் வேடத்துக்கு ஒல்லியான ஆள் வேண்டும் என்றதும் நான் முன்னால் போய் நின்றேன். ஒரு ஆண் பட்டப்பகலில் சேலை கட்ட நம் ஆட்கள் திறந்து வைத்திருக்கும் ஒரே கதவு அது. சேலை கட்டி வந்து நின்றேன், காலை அகட்டி ஊன்றி, எனக்குத் தெரிந்த மாதிரி. தஞ்சாவூர்ப் பக்கத்து நாடக வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் ஒசிஞ்சு நில்லுடா. கால் விரலால தரையில கோலம் போடு."

"எதுக்குங்க?"

"வெக்கம்டா, வெக்கம்."

"எங்கம்மா வெக்கப்பட்டு நான் பாத்ததில்லீங்க."

"நீ பொம்பளையா வந்து நிக்கிறியா, இல்ல மூட்டை தூக்கறவளா நிக்கிறியா?"

"ரெண்டும்தாங்க."

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேடம் ஒரு ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் போனது. அவன் நகத்தைக் கடித்தான், இடுப்பை ஒடித்தான், முந்தானையைத் திருகினான். அசல் பெண் என்று எல்லாரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணைக் கொண்டுபோய்க் கொல்லிமலையில் விட்டால் பொழுது சாய்வதற்குள் பட்டினியில் செத்துவிடுவாள். அம்மாவின் சொந்தத் தம்பியே அக்கா என்று கூப்பிட்ட என்னைப் பார்த்து, பெண் மாதிரி இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அங்கே அதிகம், இங்கே போதாது.

போன மாதம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா சொல்ல, வேறு யாரோ எழுதியது. அறுப்புக்கு இப்போது ஆள் வருகிறார்களாம். மாமன்தான் முதல் ஆளாம், தண்ணீர்கூடக் கேட்பதில்லையாம். நான் எப்போது வருவேன் என்று ஒரு வரி இல்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, அவளுக்குக் கணக்குத் தெரியும். நான் மலை ஏறினால் அவர்கள் அறுப்புக்கு வரமாட்டார்கள்.

அந்தச் சேலை நைந்துபோய்க் கீழ்ப்பாதி கிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் படம் பார்க்கப் போனதும், இடுப்பில் கருவாட்டு நிறச் சாரோங்கைச் சுற்றிக்கொண்டு, மிச்சமிருக்கும் மேல்பாதியை மார்புக்குச் சுற்றிக் கட்டுகிறேன். முடிச்சு இடது தோளில்தான். வலது கையை வீசிப் பார்க்கிறேன். ஒரு இடைஞ்சலும் இல்லை, நன்றாகவே வீச வருகிறது. அறுக்கத்தான் இங்கே சாமை இல்லை.