கதவில் ஆறாவது வரி

என் அன்பான சகோதரிகளே, உங்கள் எல்லாருக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும். எழுதி வைத்து வாசிக்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பார்க்காமல் பேசினால் பாதியில் நான் மீன் விலைக்குப் போய்விடுவேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். என் ஜெபத்துக்குக் கர்த்தர் ஒரு துண்டு சாக்கட்டியால் பதில் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் நின்றிருக்கிறேன்.

பெரிய வெள்ளம் வந்து போன இரண்டாம் வருஷம் அது. நாங்கள் இதே பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே லயத்தில், தண்டவாளத்தை ஒட்டிய வரிசை வீட்டில் இருந்தோம். அந்த ஆகஸ்டில் எனக்கு ஒரு மகன் பிறந்தான். எட்டு நாள் இருந்தான். ஒன்பதாம் நாள் காலையில் அவன் இல்லை.

மூத்தவள் ரூத்துக்கு அப்போது நாலு வயது. அவளுக்காக எழுந்து நடமாட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் தெரிந்தது. ஆனால் எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பாயில் உட்கார்ந்து எதிரே இருந்த பலகைச் சுவரைப் பார்ப்பேன், மத்தியானம் ஆகியிருக்கும். குளித்து எத்தனை நாள் ஆனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து நல்லதாகத்தான் இருந்திருக்கும், குடிக்கத்தான் எனக்கு ஞாபகம் இல்லை. சிலர் காத்து கருப்பு என்றார்கள். நம் சபையிலேயே சிலர் விசுவாசம் குறைந்துவிட்டது என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

நான் சின்ன வயதிலிருந்தே கவனம் நிற்காதவள். அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவேன், போன இடத்தில் காய்ந்த துணியைப் பார்த்து மடிக்க உட்காருவேன், மடித்ததை வைக்கப் போய்ப் பெட்டியை ஒழுங்கு பண்ணுவேன். சோறு கரிந்த வாசனை வந்த பிறகுதான் நான் எதற்குக் கிளம்பினேன் என்பது தெரியும். முன்பெல்லாம் இதைச் சொல்லி வீட்டில் சிரிப்போம். துக்கமும் அதோடு சேர்ந்துகொண்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரூத்துக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பின்னி முடித்தேன். ரிப்பன் எடுக்க உள்ளே போனேன். பெட்டியில் ரிப்பனுக்கு அடியில் மகனுடைய சட்டை இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சத்தம் போட்டுக்கொண்டு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவர் இடுப்பில் ரூத் இருந்தாள். ஒரு பக்கம் பின்னல், மறு பக்கம் விரித்த தலை. தண்டவாளத்துக்கு நடுவில் உட்கார்ந்து சல்லிக்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த எஞ்சின் ஆட்கள் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானிலிருந்து மதினி வந்தார்கள். மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் தலையில் எண்ணெய் வைத்தார்கள், வீட்டைக் கூட்டினார்கள், பிறகு ரூத்துடைய துணிகளை எடுத்து மூட்டை கட்டினார்கள்.

"நீ எந்திரிச்சு நடமாடு. அதுவரைக்கும் பிள்ள என்கிட்ட இருக்கட்டும். எப்பன்னு என்னைக் கேக்காத. எனக்கே தெரியாது," என்றார்கள்.

ரூத் அழவில்லை. ரயிலில் போகிறோம் என்று சந்தோஷமாகப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சகோதரிகளே, அதற்குப் பிறகு நான் ஜெபித்தேன். எப்படி ஜெபித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழங்கால் போடுவேன், "பிதாவே" என்பேன், வாசலில் மீன்காரன் கூப்பிடும் சத்தம் கேட்கும், இன்றைக்குக் கெம்போங் மீனா என்று யோசிப்பேன். ஆமென் சொல்லாமலே எழுந்துவிடுவேன். கர்த்தரிடத்திலும் கவனம் நிற்காதவளை அவர் என்னத்துக்குக் கேட்பார் என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்றபடியே சொன்னேன்: ஆண்டவரே, என் பிள்ளையைத் திருப்பித் தாரும். அவளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை, அதையும் தாரும். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து குழாயடியில் கை கழுவினார். அவருக்கு ரயில்வே யார்டில் வண்டிச் சக்கரங்களைத் தட்டிப் பார்க்கிற வேலை. நீளப் பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டுவார். நல்ல சக்கரம் கணீர் என்னும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அவர் கையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் ஓடியது. பத்து வருஷமாக அந்தத் தண்ணீரைப் பார்த்தவள் நான். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"ஒரு நாளைக்கு இத்தனை வண்டி பாக்கிறீங்களே, எது பாத்தது எது பாக்காததுன்னு எப்படி ஞாபகம் வச்சிக்கிறீங்க?"

"நான் எங்க ஞாபகம் வச்சிக்கிறேன்? தட்டுவேன், சாக்கட்டியால வண்டியில ஒரு சரி அடையாளம் போடுவேன், அடுத்ததுக்குப் போவேன். ஞாபகத்த நம்பி ரயில் ஓட்ட முடியுமா?"

நான் அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். பாதி தேய்ந்த ஒரு சாக்கட்டி இருந்தது.

சமையல்கட்டுக் கதவின் உள்பக்கம் கறுப்புச் சாயம் பூசியிருக்கும். அதில் நான் செய்ய வேண்டியதையெல்லாம் எழுதினேன். மிஷன் பள்ளியில் படித்த கை சும்மா இருக்குமா? மேலே தொடங்கிக் கதவின் அடிவரை வந்துவிட்டது. வெள்ளிச்சாமான் துலக்குவது கூட இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி ஸ்பூன் ஒன்றே ஒன்றுதான். புதன்கிழமை நாலு சரி போட்டேன். வியாழக்கிழமை கதவைப் பார்க்கவே பயந்து பாயில் படுத்துவிட்டேன்.

அவர் வந்து கதவைப் படித்தார். வெகு நேரம் படித்தார்.

"எஞ்சின் எத்தன வண்டி இழுக்கும்னு பாத்துதான் மாட்டுவோம். நீ இப்போ சின்ன எஞ்சின்மா. அதுவும் மேட்டுல நிக்கிற எஞ்சின்," என்றார்.

ஈரத் துணியால் கதவை அவரே துடைத்தார். என்னிடம் கேட்டுக் கேட்டு ஐந்து வரி எழுதினோம். முகம் கழுவி வாய் கொப்பளிப்பது. கஞ்சி குடிப்பது. குளித்து வேறு சேலை கட்டுவது. வாசலில் வெயிலில் கொஞ்ச நேரம் நிற்பது. ஒரு வரி ஜெபம். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டம் கோடு போட்டார். கஞ்சி குடிப்பதை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை.

"செய்யாததுக்கு என்ன போடணும்?" என்று கேட்டேன்.

"பெருக்கல் குறி போடு. யார்டுலயும் அப்படித்தான். பெருக்கல் விழுந்த வண்டியத் தள்ளிக் கொண்டுபோய் சீக்கு லைன்ல விடுவோம். யாரும் அத உதைக்கிறதில்ல, திட்டுறதில்ல. ஆள் வந்து பாப்பான், சரியானதும் திரும்ப ஓடும். அதுக்குன்னே போட்ட லைன்தானே அது."

அன்றைக்கு நான் அழுதேன். மகன் போன பிறகு அதுதான் முதல் அழுகை. நான் கெட்டுப்போனவள் அல்ல, சீக்கு லைனில் நிற்கிறேன், என்னைப் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன். அத்தனை மாதம் எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். மனதில் இறங்கியது இது ஒன்றுதான்.

அவர் படுக்கப் போன பிறகு ஆறாவது வரி ஒன்று நானே எழுதினேன். ரூத்துக்குத் தலை பின்னுவது. பிள்ளை வீட்டில் இல்லை. ஆகவே தினமும் அந்தக் கட்டத்தில் பெருக்கல் போட்டேன். தள்ளி வைத்திருக்கிறது, திரும்ப ஓடும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்வேன்.

எல்லாம் உடனே நேராகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் வாரம் சரியைவிடப் பெருக்கல்தான் அதிகம். இரண்டாம் வாரம் கொஞ்சம் பரவாயில்லை. முகம் கழுவிவிட்டால் கதவு கஞ்சியைச் சொல்லும், கஞ்சி குடித்தால் குளிக்கச் சொல்லும். நடுவில் எங்கே அலைந்தாலும் கதவுக்குத் திரும்பி வந்தால் போதும். ஒரு வரி ஜெபம் என்று எழுதியதால் ஒரு வரிதான் சொன்னேன், அதை முழுசாகச் சொன்னேன்.

நவம்பரில் மதினி பார்க்க வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரம்தான் எனக்கு ரொம்ப மோசமாகப் போனது. மகனுக்கு மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டிய வாரம். வியாழனும் வெள்ளியும் கதவு முழுக்கப் பெருக்கல். சனிக்கிழமை காலை அதைப் பார்த்தேன். மதினி பார்த்தால் என் பிள்ளை வரவே மாட்டாள் என்று தோன்றியது. பெருக்கலையெல்லாம் விரலால் அழித்து எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். ஆறாவது வரியை மட்டும் தொடவில்லை. அதில் பொய் சொல்லக் கை வரவில்லை.

அவருக்கு அன்று மத்தியான வேலை. கோப்பி குடிக்க வந்தவர் கதவைப் பார்த்தார், குளிக்காமல் காய்ந்து கிடந்த என் தலையைப் பார்த்தார்.

"யார்டுல ஒருத்தன் இருந்தான். தட்டாமலே வரிசையா சரி போட்டுட்டுப் போயிட்டான். கெட்டவன் இல்ல. துரை வர்றாருன்னு பயம்."

"அப்புறம்?"

"சக்கரம் துரைக்குப் பயப்படலயே," என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தார்.

அவர் போன பிறகு வெகு நேரம் கதவுக்கு முன்னால் நின்றேன். பிறகு சாக்கட்டியை எடுத்தேன். எதையும் மறக்கிற எனக்கு எந்தெந்தக் கட்டத்தில் பெருக்கல் இருந்தது என்பதில் ஒன்றுகூட மறக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். என் பிள்ளையை நானே கைவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மதினி வந்து நேராகச் சமையல்கட்டுக்குத்தான் போனார்கள்.

"இது என்ன, இவ்வளவு பெருக்கல்?"

"செய்யல மதினி. அதான்."

"வியாழக்கிழம கஞ்சி கூட குடிக்கலியா?"

"இல்ல."

"இந்த ஆறாவது?"

"ரூத்துக்குத் தலை பின்னுறது. அவ இங்க இல்லியே."

மதினி அடுப்பைப் பற்ற வைத்தார்கள். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார்கள். கிளம்பும்போது ரூத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த வாரத்தை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால், ஒரு கட்டம் ஒரு கட்டமாக ஓட்டினேன். ஞாயிறு நாலு சரி. திங்கள் மூன்று. செவ்வாய் ஐந்தும்.

அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் மதினி வந்தார்கள். கையில் மூட்டை. மூட்டைக்குப் பின்னால் ரூத்.

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"போன வாரம் நான் வந்தப்போ கதவு பூரா சரியா இருந்திருந்தா, பிள்ளையக் கொண்டாந்திருக்க மாட்டேன். முடியாதப்போ முடியலன்னு நீ எழுதுற. அப்போ முடியாதப்போ ஆளயும் கூப்பிடுவ. எனக்கு அது போதும்லா. ஒரு நாள்ல மூணு பெருக்கல் விழுந்தா, பிள்ளைய பாக்கியத்துகிட்ட விட்டுட்டுப் படு. வெக்கப்படாத."

ரயில் காற்றில் ரூத்துடைய தலை பறந்து கிடந்தது. என் மடியில் உட்கார வைத்துப் பின்னினேன். ஒரு பக்கம். பிறகு மறு பக்கம். ரிப்பனை முதலிலேயே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன். முடித்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போய் ஆறாவது வரியில், சனிக்கிழமைக் கட்டத்தில், ஒரு சரி போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான்.

பிள்ளையைக் கேட்டேன், கர்த்தர் தந்தார். பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்றேன், அதையும் தந்தார். என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் பத்து வருஷமாக வைத்திருந்ததைத்தான் எடுத்துத் தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். என் மகனை நான் இன்னும் நினைத்து அழுகிறேன். சில மாதங்களில் அந்தச் சோர்வு திரும்பி வருகிறது. வந்தால் கட்டங்களைக் குறைத்துக்கொள்வேன். ஒரே ஒரு வரி, முகம் கழுவுவது மட்டும், அப்படியும் சில வாரம் ஓடியிருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் யாருக்காவது காலையில் எழ முடியாமல் இருந்தால், ஜெபம் பாதியில் அறுந்து போனால், அதற்காக ஆண்டவரிடம் போகக் கூச்சப்படாதீர்கள். ஒரு வரி போதும், அவர் கேட்கிறார். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். கதவைக் காட்டுகிறேன், பெருக்கல்களையும் சேர்த்துத்தான் காட்டுவேன். போகும்போது ஆளுக்கு ஒரு சாக்கட்டி தருகிறேன்.

ரூத் அதோ, மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்பது வயது ஆகிவிட்டது, தானே பின்னிக்கொள்வேன் என்கிறாள், நான்தான் விடுவதில்லை. இன்றைக்கு இடது பக்கப் பின்னல் கொஞ்சம் கோணல். சாட்சி சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் பின்னியது. ஆனால் இரண்டு பக்கமும் பின்னிவிட்டு, கதவில் சரி போட்டுவிட்டுத்தான் வந்தேன்.