திரும்பி வந்த அணில்

தயவுசெய்து இதைக் கதையாகப் படிக்காதீர்கள். நான் இலக்கிய விமர்சனம் எழுதுபவன். எது புனைவு, எது அனுபவம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. 1977 நவம்பர் 6, ஞாயிறு மாலை, செவிலிமேட்டில் நான் கண்டதை மட்டும் என்னால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

இளங்கோவன் என் நண்பன். பட்டுப்புடவைக் கரைகளுக்குக் கட்டத்தாளில் அன்னமும் யாளியும் வரைபவன். சிறுசிறு கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பியே உருவத்தைக் கொண்டுவருவான். அவன் கையின் நேர்த்தியைக் கண்ட ஒருவர் சென்னைக்கு அழைத்துப்போய், தொலைக்காட்சிக்குக் கார்ட்டூன் படம் வரையவைத்தார். குஞ்சுக்கு இரை தேடிப் புறப்படும் ஓர் அணில். நொடிக்கு எட்டுப் படங்கள். அத்தனையும் அவன் ஒருவனே வரைந்தான்.

அதில் ஒரு பிழை நேர்ந்தது. புடவைக் கரைக்கு உருவத்தில் பாதியை வரைந்தால் போதும். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும். பதினைந்து வருடப் பழக்கம் அது. அணில் போவதை மட்டும் வரைந்துவிட்டு, வருவதற்கு அதையே திருப்பி ஓட்டச் சொன்னான். ஓட்டினார்கள். அணில் பின்பக்கமாகவே நடந்து வீடு சேர்ந்தது. குஞ்சின் முகத்தை அது பார்க்கவே இல்லை.

ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதைவிடக் கொடியதைச் செய்தேன். ஒரு சிற்றிதழில் மூன்று பக்கம் எழுதி, ‘கைப்பழக்கம் கலையாகாது’ என்று முடித்தேன்.

அவனுடைய ஆறு வயது மகள் அம்சா கேட்டாள்: “அணிலு எப்பப்பா நேரா வரும்?”

“வரும்மா. வரைஞ்சுக்கினு இருக்கேன்ல?”

நான்கு மாதம் வரைந்தான். நவம்பர் 4, வெள்ளிக்கிழமை காலை, கயிறு கட்டிய தாள்கட்டுடன் சென்னைப் பேருந்தில் ஏறினான்.

“இந்த வாட்டி எழுத ஒண்ணும் கிடைக்காதுபா உனக்கு,” என்று ஜன்னல் வழியே சிரித்தான்.

மன்னிப்புக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். வாயெடுப்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

ஞாயிறு மாலை அம்சாவை வரதராஜன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அந்தத் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி அங்கே மட்டும்தான். இன்று அணில் நேராக வரும் என்று அவள் சாதித்தாள். புதிய ஓவியங்களைப் படம்பிடிக்கவே ஒரு மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. அவள் கையில் ஒரு தீப்பெட்டி. அன்று காலை விழுந்த மேல்வரிசைப் பல் அதற்குள் இருந்தது.

“அப்பாவுக்குக் காட்டணும்.”

“வாங்க விமர்சகரே! இன்னிக்கு யார் தலைய உருட்டப்போறீங்க?” என்றார் வரதராஜன். பெட்டியைப் போட்டார். சினிமாக் கொட்டகை போல விளக்கை அணைத்தார். ஆன்டெனாவைத் திருப்ப மாடிக்குப் போனார். வெளியே மழை.

மணி 6.40. திரை வெளுத்தது. அதே மரம். அதே அணில்.

ஆனால் இசை இல்லை. அணிலுக்குப் பின்னால் மெல்லிய கோடுகள்... குறுக்கிலும் நெடுக்கிலும்.

கட்டங்கள்.

ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சரக்... சரக்... தாளில் பென்சில் உரசும் சத்தம்.

அணில் நின்றது. மெதுவாகத் திரும்பியது. நேராக நடந்து வந்தது... எங்களை நோக்கி.

அம்சா எழுந்தாள். தீப்பெட்டியைத் திறந்து திரையிடம் நீட்டினாள்.

“அப்பா, பாரேன்.”

அணில் பார்த்தது.

பென்சில் சத்தம் நின்றது.

ஒரு நொடி...

மறுபடியும் சரக்... சரக்...

மணி 6.47. மாடிப்படியில் டார்ச் வெளிச்சம்.

“என்னபா இது? கரண்ட் போயி கால் மணி ஆவுது. தெருவே இருட்டா கிடக்குது. குழந்தைய வச்சிக்கினு இங்க என்ன பண்றீங்க?”

திரும்பினேன். திரை கறுத்துக் கிடந்தது. கண்ணாடியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

அம்சா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். “நேரா வந்துச்சு மாமா.”

திங்கள் மதியம் செய்தி வந்தது. வெள்ளி மதியம் சென்னைப் பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே இளங்கோவன் மயங்கி விழுந்திருக்கிறான். அன்றிரவு 11.10க்கு மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. யாரென்று தெரியாமல் இரண்டு நாள் கிடந்தான். பேருந்து நிலையத்திலேயே தங்கிவிட்ட தாள்கட்டு பிறகுதான் போலீசார் கைக்குக் கிடைத்தது; அதன் மேல் எழுதியிருந்த முகவரிதான் அவனை வீடு சேர்த்தது.

போலீசார் கொடுத்த கட்டு முடிச்சு அவிழாமல் இருந்தது. அவன் மனைவி கங்கையம்மாள் அதை என்னிடம் தள்ளினாள். “நீங்களே பாருங்கண்ணா. உங்களுக்காகத்தான் ராப்பகலா வரைஞ்சாரு.”

முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். கடைசித் தாளில் அணில் குஞ்சின் முகத்தோடு முகம் வைத்திருக்கிறது. குஞ்சு வாய்விட்டுச் சிரிக்கிறது. பல்வரிசைக்குரிய கட்டங்கள் எல்லாம் கவனமாக நிரப்பப்பட்டிருந்தன... மேல்வரிசையில் ஒன்றைத் தவிர.

வெள்ளியன்று அவன் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது, அம்சாவுக்கு அந்தப் பல் இருந்தது.