அடியில் பூசாத வண்டி

கிள்ளானில் எங்கள் வீட்டு இரும்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கம்பியை ஒருமுறை தடவி, விரலைப் பார்த்துக்கொள்வேன். கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த ஒன்பது வருடமாக விடாத பழக்கம். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்காது. பாதி நாள் மாலை மழை கொட்டுகிற ஊரில், நனைந்து நனைந்து காய்கிற கதவு பெயிண்ட் கலையாமல் நிற்கிறது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டால் போதும், விரல் செங்கல் நிறமாகிவிடும். பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் ஆடிக்குள் உரிந்துவிடும். நான் கதவைத் தடவுவதைப் பார்த்து, ஏதோ சாமி கும்பிடுகிறேன் என்று எதிர்வீட்டு அக்கா வெகுநாள் நினைத்திருந்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா உப்பு லாரி ஓட்டியவர். உப்பளத்தில் ஏற்றும் ஈர உப்பு வழி நெடுக ஒழுகி, வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். கிளட்சுக்குப் பக்கத்தில் தகடு ஓட்டையாகி, கீழே ஓடுகிற ரோட்டை உள்ளே உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாக லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நல்ல தண்ணீரால் கழுவுவார். குழாயடியில் காத்துக்கிடந்து அம்மா பிடித்துவைத்த தண்ணீர் அது. அம்மா திட்டுவதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். எங்கள் தெருவில் யார் புது வண்டி எடுத்தாலும் விலையைக் கேட்க மாட்டார், மைலேஜைக் கேட்க மாட்டார். அடியில் பூச்சு அடித்தாச்சா என்றுதான் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டால், பிள்ளைக்குத் தடுப்பூசி போடாத தகப்பனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

அப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்த நான் இந்த வருடம் ஒரு புது கார் எடுத்தேன். கிள்ளான் ஷோரூமில் கவிதா என்கிற பெண் எங்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். அவளுடைய தாத்தாவின் அப்பா இங்கே தோட்ட வேலைக்கு வந்தவராம். இவளுக்குத் தமிழ்நாடு என்றால் துணி எடுக்கப் போகிற இடம். கண்ணாடிக்கு டிண்ட், சீட்டுக்கு உறை என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் அடிக்கும் அண்டர்கோட்டிங்குக்கு வந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கட்டாயம் வேண்டும் என்று சொல்ல வாயெடுக்கும்போது அவள் இந்த ஊர் 'லா'வோடு முந்திக்கொண்டாள்.

"அக்கா, வண்டிய எத்தன வருஷம் வச்சிருக்கப் போறீங்க? அத சொன்னா, வேணுமா வேணாமான்னு நா சொல்லிடுவேன் லா."

"மூணு வருஷம்" என்றேன் நான். அதே நேரத்தில் என் கணவர் கதிர், "ஒரு பத்து வருஷம்" என்றார்.

கவிதா சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. ஐந்தே வருடம் என்று சொல்லித்தான் ஊரிலிருந்து கிளம்பினோம். ஐந்து ஏழாயிற்று, ஏழு ஒன்பதாயிற்று. அவருடைய பதவி உயர்வு, மகளின் பள்ளி என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் எங்களைத் தேடி வந்தது. இன்னும் மூன்று வருடம், மகள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததும் மூட்டை கட்டிவிட வேண்டும் என்று நான் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அவர் மனதில் வேறு முடிவு இருப்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. பூச்சைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தோம். வீடு வரும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

அப்பாவிடம் போனில் கேட்டேன். ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்குத் தயாராகத்தான் இருந்தேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "எதுக்கும்மா அது? அங்கேயே விட்டுட்டு வரப்போற வண்டிக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். எழுபது வயது அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு வண்டிக்குப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிக் கேட்கிறேன். எங்களுக்காக அவர் கட்டிவைத்த மாடி அறை ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சரிப்பா என்று வைத்துவிட்டேன். பூச்சு அடிக்காமலே வண்டியை எடுத்தோம்.

எங்கள் பக்கத்தில் புது வண்டியைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்க் கடலைக் காட்டிய பிறகுதான் வேறெங்கும் எடுப்போம். கிள்ளான் கோயிலில் பூஜை முடிந்து, எலுமிச்சம்பழங்களை நசுக்கி வண்டி நகர்ந்ததும், கடலைக் காட்டாமல் எனக்கு மனசு ஆறவில்லை. காப்பார் என்கிற ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க் கரையைப் பிடித்தோம். எல்லாரும் மேட்டில் புல்தரையில் நிறுத்தியிருந்தார்கள். நான்தான், இன்னும் கொஞ்சம் கிட்டே, இன்னும் கொஞ்சம் என்று கதிரை விரட்டி ஈரமணலில் இறக்கவைத்தேன். எதிரே தெரியாத தூரத்தில் இருப்பது சுமத்ரா என்று மகள் பாடத்தைச் சொன்னாள். எனக்கு அதையும் தாண்டி எங்கள் ஊர்தான் தெரிந்தது. ஓர் அலை வந்து வண்டிக்கு அடியில் மோதி நுரைத்துத் திரும்பியது. அந்த உப்பு வாசனையில் நான் அழுதுவிட்டேன். தூத்துக்குடியில் வண்டியை இப்படி அலையில் இறக்கியிருந்தால் அப்பா என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். ஊரில் தெரிந்தவர்கள் ஒருவரும் செய்யாத தவறை, ஊர் ஞாபகத்தில் செய்திருக்கிறேன்.

பயம் பிடித்துக்கொண்டது. அந்தச் சனிக்கிழமையே ஸ்ரீ கெம்பாங்கானில் மணியம் அண்ணே நடத்தும் பட்டறைக்குப் போனோம். அவர் வண்டியை மேலே தூக்கி நிறுத்தினார். அப்பா மல்லாந்து படுத்துப் பார்த்ததை நான் நின்றபடி அண்ணாந்து பார்த்தேன். கறுப்புப் பூச்சு பளபளவென்று இருந்தது. ஓரங்களில் மட்டும் மணல் ஒட்டியிருந்தது. அவர் அதைச் சுரண்டி எடுத்து என்னிடம் காட்டினார்.

"ஃபேக்டரியிலயே பூசித்தான் அக்கா வருது. பனி கொட்டுற நாட்டுல ரோட்ல உப்பு போடுவாங்க, அங்க வேணும். நம்ம ஊர்ல மழத் தண்ணிதானே? இதுக்கு மேல இன்னொரு பூச்ச ஒழுங்கில்லாம பூசினா தண்ணி வடியிற ஓட்ட அடைச்சிக்கும், அப்பதான் துரு பிடிக்கும். கடலுக்கு மட்டும் கொண்டு போவாதீங்க லா."

நம்ம ஊர் என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"பத்து வருஷம் வச்சிருந்தாலும் தாங்குமா அண்ணே?" என்று கேட்டேன். தாராளமாகத் தாங்கும் என்றார். கதிர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். பத்து என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்கே உறைத்தது. மணியம் அண்ணே தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பாகத்தைக் கழுவினார். மகளையும் சேர்த்து நாங்கள் மூவரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அப்பாவின் அழைப்பு வந்தது. சாப்பாடு, பேத்தி எல்லாம் கேட்டுவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, "அடியில எதுவும் அடிச்சியாம்மா?" என்றார்.

"இல்லப்பா, அடிக்கல."

தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மணியம் அண்ணே சொன்னதையும், நான் அவரிடம் கேட்டதையும் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் குரல் திடீரென்று பத்து வயது குறைந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. நாளைக்கே ஆளு வரச்சொல்லி மாடி ஜன்னலுக்கு ரெட் ஆக்சைடு அடிச்சிருதேன். நீங்க வந்து கம்பியப் பிடிச்சா கையில துரு ஒட்டக் கூடாதுல்லா?"

"அடிங்கப்பா" என்றேன். இன்னொரு கையால் கதவுக் கம்பியைப் பிடித்திருந்தேன். போனை வைத்த பிறகு விரலைப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.