சிதறிய தேங்காயும் என் ஒரு வரியும்

சினிமாவில் எனக்கு ஒரே ஒரு வரி. கதவைத் திறந்து, "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று சொல்ல வேண்டும். யாங்கூனில் பிறந்து சின்ன வயதில் கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரம்மா, வயதான காலத்தில் பிறந்த வீட்டைத் தேடி வருகிறாள். கதவைத் திறக்கும் வேலைக்காரி நான். வேலைக்காரி தமிழச்சிதானே, தமிழிலேயே பேசட்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாங்கூனில் தாகேதா பேட்டையில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறவளுக்கு இதெல்லாம் கனவில்கூட வந்ததில்லை. ஒரு வாரம் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்து திறந்து ஒத்திகை பார்த்தேன். உள்ளே இருந்த என் வீட்டுக்காரர், "குளிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருங்களேன்" என்றார்.

எதிரே நிற்கப்போவது யார் தெரியுமா? லண்டன் மேடையில் ஐம்பது வருஷம் நடித்தவர். திருட்டு வி.சி.டி. காலத்திலிருந்து அவரை ராணியாக, நீதிபதியாக, ஒரு படத்தில் கொலைகாரியாகக்கூடப் பார்த்திருக்கிறேன். மேக்கப் சோதனை நடந்த நாட்களில் எனக்கு அவர் பக்கத்து நாற்காலி! கேட்கக் கேட்கக் கதை சொல்வார். அப்பாவுக்கு மீன் கடை. பதினேழு வயதில் ஊர் நாடகக் கொட்டகையில் உடுப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஒரு நாள் ஒரு நடிகைக்குக் காய்ச்சல். இவர் கையில் தட்டைக் கொடுத்து மேடையில் தள்ளிவிட்டார்கள். டீ தயார் என்று சொல்ல வேண்டும். வாயே திறக்கவில்லையாம், டீயை வைத்துவிட்டு வந்துவிட்டாராம். சினிமா கூப்பிட்டது நாற்பதுக்கு மேல்தான்.

"எவ்வளவோ பெரிய வேஷம் போட்டாச்சு. இன்னிக்கும் ஒத்தை வரின்னா எனக்குப் பயந்தான்" என்றார்.

எதிரே நடிப்பவரின் வரியும் தெரிந்தால்தான் அவருக்கு நடிப்பு வருமாம். என் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி அர்த்தமும் கேட்டுக்கொண்டார்.

முதல் நாள் படப்பிடிப்பு. பர்மாக்காரர்கள் எதைத் தொடங்கினாலும் காவல் தெய்வங்களுக்கு வாழைச் சீப்புகளுக்கு நடுவே காம்போடு முழுத் தேங்காய் வைப்பார்கள். அதை வாங்கிவரும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். படப்பிடிப்பு நடக்கும் வீட்டு வாசற்படியைப் பார்த்ததும், இன்று எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். கை தானாக ஓங்கியது, தேங்காய் சுக்குநூறானது. கோயில் வாசலில் பழகிய கை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறவளுக்கு அது உடையக் கூடாதென்று தெரியாதா என்ன?

லைட்டைத் தூக்கியவர்கள் அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். மேனேஜர் பர்மியத்தில் சொன்னார்: "சயாமா, தேங்காய் உடைஞ்சது அபசகுனம்னு பசங்க யாரும் வேலையைத் தொட மாட்டேங்கறாங்க. கதவைத் திறக்க வேற ஆளைப் போட்டுக்கறோம்."

சயாமா என்றால் டீச்சரம்மா. மரியாதை குறையாமல்தான் துரத்தினார். அவர் மேல் வந்த ஆத்திரம் பாதி வழியில் என் மேலேயே திரும்பியது. மேக்கப் அறைக்குப் போய்த் தலையிலிருந்த பூவைப் பிய்த்தேன். என்னவென்று கேட்ட நடிகையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்க கொட்டகையில மேக்கப் ரூம்ல விசிலடிச்சா ஆகாது. முதல் வருஷமே நான் அடிச்சேன். வெளியே போய் மூணு சுத்து சுத்திட்டுக் கதவைத் தட்டச் சொன்னாங்க. உள்ளேருந்து கூப்பிட்டா தோஷம் போச்சு. அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாது."

கையைப் பிடித்து மேனேஜரிடம் இழுத்துப் போனார். எனக்கான சிபாரிசை நானே பர்மியத்தில் மொழிபெயர்க்க வேண்டிய கொடுமை. மேனேஜர் லைட்காரப் பசங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற தேங்காய் வரட்டும். பசங்க ஒத்துக்கிட்டா கூப்பிடறோம். இல்லேன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க."

வேலைக்காரி வேஷத்தில் தெருவில் நின்று மூன்று சுற்று சுற்றினேன். எதிர் டீக்கடையே வேடிக்கை பார்த்தது. கதவைத் தட்டினேன். பதில் இல்லை. உள்ளே வாக்குவாதம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மேக்கப் வேர்வையோடு கழுத்தில் வழிந்தது. சரி, நம் யோகம் இவ்வளவுதான் என்று திரும்பினேன்.

கதவு திறந்தது. உள்ளே தட்டில் காம்போடு ஒரு புதுத் தேங்காய். அவரவர் லைட் பக்கத்தில் அவரவர் நின்றிருந்தார்கள். கதவைப் பிடித்தபடி அந்த அம்மா, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொன்னார்:

"வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

ஒத்தை வரிக்குப் பயப்படுகிறவர் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நான்தான் வாய் திறக்க முடியாமல் நின்றேன்.