பலாப் பலகைக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ‘ர’, எங்கே பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். பிழைகளைத் தள்ளிவிட்டு வாசியுங்கள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் இந்தச் சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

போன வருஷம் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். பழைய வீடுதான். ஆனால் சமையலறையைப் பார்த்ததும் நான் மயங்கிவிட்டேன். சுவரோடு சேர்த்து அடித்த அலுமாரிகள், மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இங்கே எல்லோரும் அதைப் பென்ட்ரி என்பார்கள். அத்தனையும் பலா மரம். தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய அந்தச் சின்ன அறைகளில், எங்கள் வீட்டில் தட்டு வைக்க ஒரு பலகை, துணி வைக்க ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். ஆகவே குடிவந்த புதிதில் எந்தக் காரணமும் இல்லாமல் சமையலறைக்குப் போவேன். ஒரு கதவைத் திறப்பேன், மூடுவேன். இன்னொன்றைத் திறப்பேன். மரம் மரத்தோடு சேரும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்க எனக்கு அப்படி ஓர் ஆசை.

“என்னாங்க, அதுக்குள்ள யாராவது ஒளிஞ்சிருக்காங்களா?” என்பாள் என் மனைவி.

அவளுக்கு அந்த அலுமாரிகளைக் கண்டாலே ஆகாது. மலையை வெட்டிக் கட்டிய வீடு என்பதால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் மண் திட்டுதான் தெரியும். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் கறுத்துப்போன அந்தப் பலகைகள் குடித்துவிடும். விளக்கைப் போட்டால் அவளுடைய நிழலே அவள் கைமேல் விழும். அவள் விடியற்காலையில் இடியப்பம் அவித்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கிறாள். ஒரு நாள் இடியப்பத்தில் வண்டு கிடந்தது என்று கடைக்காரர் தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இடியப்பமே வேண்டாம் என்று சொல்லியும் விட்டாராம்.

அன்றைக்கு அவள் அழவில்லை. “பெயின்ட் அடிங்க” என்றாள். “நல்லா வெள்ளையா அடிங்க.”

“பலா மரத்துக்கா?”

“மரத்துக்குத்தான். எனக்கா அடிக்கச் சொல்றேன்? லயத்துல ஜன்னல் இல்லாத அடுப்படியில பொகைக்குள்ள ஆக்குனது போதுங்க. சொந்த வீட்டுலயும் இருட்டா?”

பொங்கலுக்கு எப்படியும் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். அதற்குள் ஒரு முடிவு சொல்வதாக மட்டும் ஒத்துக்கொண்டேன். சுவருக்கு அடித்தால் அடுத்த வருஷம் வேறு நிறம் அடிக்கலாம். மரம் அப்படியில்லை. அதன் ரேகைக்குள் பெயின்ட் இறங்கிவிட்டால் பிறகு பழைய மரம் திரும்பி வராது. அதுதான் எனக்குப் பயம்.

நான் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடை விளக்கில் எந்தச் சேலையும் அழகாகத்தான் இருக்கும். அதனால் விவரமான பெண்கள், “வெளிய கொண்டாங்க பாப்போம்” என்பார்கள். நான் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பிடிப்பேன். உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். எனக்கு அதிகம் பேச்சு வராததால் அந்த வேலையை முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். வெயில் எனக்காகப் பேசிவிடும்.

டிசம்பர் மாதப் போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, கடை பூட்டு. பல நாள் மழைக்குப் பிறகு அன்று நல்ல வெயில். எனக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பிணைச்சலைக் கழற்றி, ஒரு கதவை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஈரத் துணியால் துடைத்துச் சேலையைப் பிடிப்பது போல வெயிலில் சாய்த்துப் பிடித்தேன்.

எப்படிச் சொல்வேன்! கறுப்பு என்று நினைத்திருந்தது கறுப்பே இல்லை. தேன் நிறம். அதற்குள் சிவப்பு. சாய்க்கச் சாய்க்க ரேகைகள் பட்டுக் கரை மாதிரி மினுங்கின. “இந்தா, ஓடி வா! ஓடி வந்து பாரு!” என்று கத்தினேன். நான் கத்தி அவள் கேட்டதே இல்லை. ஏதோ பாம்பு என்று நினைத்து விளக்குமாறோடு ஓடி வந்தாள்.

“பாரு, என்ன நெறம்! இதுக்குப் போயி பெயின்டா?”

அவள் பார்த்தாள். கையால் தடவியும் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு” என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“ஆனா ஒரு விசயங்க. சேலையக் கட்டிக்கிட்டு வெளிய போவாங்க, நீங்க வெளிய காட்டுறீங்க. இந்தக் கதவு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போகப்போகுது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே கதவின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவருமாக உள்ளே கொண்டுபோய் அதன் இடத்தில் நிறுத்தினோம். தேன் நிறம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே வந்தது பழைய கறுப்புதான்.

“இப்ப நீங்க இங்க நில்லுங்க” என்று அவள் என்னை மேடைக்கு முன்னால் நிறுத்தி, ஒரு சுளகில் சிவப்பரிசி மாவைக் கொட்டி என் கையில் தந்தாள். “வண்டு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். குனிந்து பார்த்தேன். நூல் பிசகினால்கூடக் கண்டுபிடிக்கிற கண் என்று கடையில் எனக்குப் பெயர். “இல்ல” என்றேன். அவள் சுளகை முற்றத்துக்குக் கொண்டுபோய் விரலால் கிளறினாள். வண்டு நடந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமாக நான் அந்தச் சமையலறையில் கதவைத் திறந்து மூடியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அங்கே நின்று வேலை செய்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அடிப்போம்” என்றேன்.

“என்னாங்க?”

“பெயின்ட். அடிப்போம்.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “பொங்கலுக்குள்ள மனசு மாற மாட்டீங்களே?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

டவுனில் பெயின்ட் வாங்க எனக்குக் கூச்சம். தெரிந்தவர்கள் எதற்கு, என்னத்துக்கு என்று கேட்பார்கள். அதனால் பஸ் ஏறித் திகனவுக்குப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் பெரியவரின் ஹாட்வெயார் கடை; நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். உள்ளே போய் டின்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“என்ன வேணும்?” என்றார் நானா.

“சும்மா பாக்க வந்தேன்.”

“பெயின்ட் கடையில சும்மா பாக்க என்ன ஈக்கு? படமா ஓடுது?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் எதற்கென்று சொல்லிவிட்டேன். பலா என்றதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

“பலாவுக்கா? அல்லாஹ்! பெயின்ட் விக்கிறது என்ட தொழில். ஆனா இதக் கேட்டா எனக்கே மனசு வரல்லயே. வார்னிஷ் தாறன், கொண்டு போங்க.”

“வீட்டுல இருட்டு நானா. சம்சாரத்துக்கு மாவுல வண்டு தெரியல” என்றேன்.

“அப்ப சரி. பொம்புளகள்ட கண்ணு பலாவ விடப் பெரிசுதான்” என்று அவர் எழும்பிப் போய், முதல் பூச்சுக்கு ஒரு டின்னும் வெள்ளையும் எடுத்து வைத்தார். “ஆனா நல்லா யோசிங்க. அடிச்சா அடிச்சதுதான்.”

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கதவுகள் எல்லாவற்றையும் கழற்றிச் செங்கல்மேல் முற்றத்தில் பரப்பினோம். சாண்ட் பேப்பரால் நான் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் தூள் பறந்தது. மனைவி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே முதல் பூச்சை அடித்து வந்தாள். முதல் கதவு முடிந்ததும் தேன் நிறம் போய்விட்டதே என்று துக்கமாக இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, “உள்பக்கத்துக்கும் அடிக்கணுமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் தூரிகையோடு நின்று யோசித்தாள். மூக்கு நுனியில் வெள்ளை.

“வேணாம். வெளிப்பக்கம் எனக்கு, உள்பக்கம் ஒங்களுக்கு. தெறந்து தெறந்து பாத்துக்கிட்டு இருங்க.”

அந்த இடத்திலேயே என் துக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு என்ன வேகம்! மழை வருமோ என்று வானத்தைப் பார்ப்பதும், இன்னொரு பூச்சு அடிப்பதும், ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் காட்டிச் சிரிப்பதுமாக நாள் போனதே தெரியவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் கதவுகளை மாட்டி முடித்தோம். சமையலறை ஓர் அடி அகலமாகிவிட்டது போல இருந்தது. மண் திட்டில் பட்டு வருகிற அந்தக் கொஞ்ச வெளிச்சம் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குத் தாவி, நேராக மேடைமேல் விழுந்தது.

நேற்றுக் காலை அவள் மாவு சலிக்கும்போது நானும் போய் நின்றேன். “தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றாள். தள்ளி நின்றேன். சுளகின் ஓரத்தில் ஒரு வண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அதை விரலால் சுண்டிவிட்டாள்.

அம்பிட்டிய,
2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.